பேக்கரிக்குள் நுழைவது எப்படி?

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காகத் தென்பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்து ஆறு மாதமாகிறது. பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன், பேசிச் சமாளிக்கிறேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பிடிபடவே இல்லை. பேக்கரியில் பிழையில்லாத பிரெஞ்சில் ஒரு பாகெத் (நீள ரொட்டி) கேட்டேன். அந்தம்மா என்னை நேராகப் பார்த்து 'போன்ஜூர், மதாம்' (வணக்கம், அம்மா) என்று அழுத்திச் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். வரிசையே என்னைப் பார்த்தது. எதிர்வீட்டில் மாலை ஏழு மணிக்கு அழைத்திருந்தார்கள். பத்து நிமிடம் முன்னாடியே போய்விட்டோம். வரவேற்பில் சுரத்தே இல்லை. என் நிறம்தான் காரணமா, இல்லை இவர்களே இப்படியா? ஜனவரியில் அதே வீட்டில் கலெத் என்ற பலகாரம் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். போகலாமா?

ஆர்., துலூஸ்

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் போங்கள். மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களே, அப்புறம் என்ன?

பிரான்சில் நிறவெறி கிடையாது என்று சொல்லமாட்டேன். வாடகை வீடு தேடும்போதும் வேலைக்கு மனுப் போடும்போதும் அது தலைகாட்டும். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டும் அந்தக் கணக்கில் சேராது. பாரிஸிலேயே பிறந்து வளர்ந்தவர் போன்ஜூர் சொல்லாமல் ரொட்டி கேட்டாலும் அதே பார்வைதான்.

'அண்ணே, அரைக்கிலோ சர்க்கரை' என்றால் நமக்குப் போதும், அந்த அண்ணேயிலேயே மரியாதை வந்துவிடுகிறது. இங்கே கடை என்பது கடைக்காரரின் இடம். உள்ளே வருகிறவர் முதலில் அவரைக் கண்டுகொள்ள வேண்டும், வியாபாரம் அதற்கப்புறம். நீஸ் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் 2013-இல் இப்படி ஒரு விலைப்பலகை தொங்கியது: வெறுமனே 'ஒரு காப்பி' என்றால் 7 யூரோ, 'தயவுசெய்து' சேர்த்தால் 4.25, போன்ஜூரும் சொன்னால் 1.40. வேடிக்கைக்கு வைத்ததுதான், ஆனால் அந்த வேடிக்கை எல்லாக் கடைக்காரர் மனசிலும் இருப்பது.

டாக்டரின் காத்திருப்பு அறையில் நுழைகிறவர் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு போன்ஜூர் சொல்வார். நாலைந்து பேர் முணுமுணுப்பார்கள். அடுக்குமாடி லிஃப்டிலும் அப்படித்தான். மெட்ரோவில் மட்டும் வேண்டாம். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தால் சந்தேகப்படுவார்கள். இன்னொன்று, காலையில் பார்த்தவருக்கே மத்தியானமும் போன்ஜூர் சொன்னால் காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அதற்கென்றே 'ரெபோன்ஜூர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டு விஷயத்தில் தவறு நேரத்தில்தான். வீட்டு விருந்துக்கு ஏழு என்றால் ஏழு பத்து, ஏழேகால். இதைக் கால்மணி நேர மரியாதை என்றே சொல்கிறார்கள். முன்னதாகப் போனால் வீட்டுக்காரம்மா ஈரத்தலையோடு கதவைத் திறக்கும்படி ஆகும். அரைமணிக்கு மேல் தாமதமானால் போன் செய்துவிட வேண்டும்.

பூ வாங்கிப் போவதானால் சாமந்தி மட்டும் கூடாது. நமக்குப் பூஜைப்பூ, இவர்களுக்குக் கல்லறைப்பூ. நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிச் சூப்பர்மார்க்கெட் வாசலில் சாமந்தித் தொட்டிகளாக அடுக்கியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள், எல்லாம் கல்லறைக்குப் போகிறவை. கண்ணாடிக் குவளையை இடித்துக்கொள்ளும்போது, உங்களுடையதில் வெறும் பழச்சாறே இருந்தாலும், எதிராளியின் கண்ணைப் பாருங்கள். ரொட்டியைத் தட்டில் வைக்க வேண்டியதில்லை, மேசைவிரிப்பின் மேலேயே வைக்கலாம். ஆனால் குப்புற வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனுக்கான ரொட்டியை அப்படித்தான் ஒதுக்கி வைப்பார்களாம். கதை நிஜமோ பொய்யோ, வயதானவர்கள் இன்றும் எட்டித் திருப்பி வைப்பார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைக்கும் முத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. உங்கள் பக்கம் பெரும்பாலும் இரண்டு, மோன்பெலியே பக்கம் மூன்று. எந்தக் கன்னத்தில் ஆரம்பிப்பது என்பதில் அவர்களே மூக்கோடு மூக்கு மோதிக்கொள்வதுண்டு. கூச்சமாக இருந்தால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இனி கலெத். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயரால் ஜனவரி 6-ஐ ஒட்டி வரும் பண்டிகைப் பலகாரம். வடக்கே பாதாம் பூரணம் வைத்து அடுக்கடுக்காகப் பொரியும் வட்டம். உங்கள் தெற்கில் ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும் வளையமும் உண்டு, மேலே சர்க்கரைப் பழத்துண்டுகள் பதித்திருக்கும். இரண்டிலும் முட்டை இருக்கும், சேர்க்காதவரென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே ஃபேவ் என்ற குட்டிப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும், பார்த்து மெல்லுங்கள். துண்டு போட்டதும் வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் போய்விடும். 'இது யாருக்கு?' என்று மேலிருந்து கேட்க, கீழிருந்து ஒவ்வொரு பேராக வரும். யார் வாயில் ஃபேவ் அகப்படுகிறதோ அவர் தலையில் தங்கநிறக் காகிதக் கிரீடம். ஜனாதிபதி மாளிகைக்குப் போகும் கலெத்தில் மட்டும் 1975-இலிருந்து ஃபேவ் வைப்பதில்லை. குடியரசின் தலைவர் ராஜா ஆகிவிடக் கூடாதல்லவா! இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த நாட்டைப் பிடிக்கும்.

கிரீடம் கிடைத்தவர் அடுத்த கலெத் வாங்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். அதனால்தான் ஜனவரி முழுக்க இது ஓய்வதில்லை. உங்களுக்கு விழுந்தால் யோசிக்காமல் வாங்கி, எதிர்வீட்டாரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கூடவே வடையும் போடுங்கள், பச்சை மிளகாயை மட்டும் கொஞ்சம் குறைத்து.

அன்புடன்.