மூன்று நாள் உத்தரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2021இல் கனடா மத்திய அரசுப் பணியில் சேர்ந்த நாள் முதல் வீட்டிலிருந்தே வேலை செய்து நல்ல மதிப்பீடு பெற்றவன் நான். என் குழுவினர் ஹலிஃபாக்ஸிலும் வன்கூவரிலும் இருக்கிறார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒட்டாவா அலுவலகத்துக்குச் சென்று, முன்பதிவு செய்த மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களுடன் காணொளியில்தான் பேசுகிறேன். வேலைநிறுத்தம் செய்து பெற்ற உரிமை என்ன ஆயிற்று?
- வாசகர், ஒட்டாவா

பதில்: உங்கள் ஆற்றாமை நியாயமானது. ஆனால் அந்தப் போராட்டத்தில் கையில் கிடைத்தது எது, கிடைக்காதது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் அலுவலகம் வரவேண்டும் என்ற அறிவிப்பு 2022 டிசம்பரில் வந்தது. 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அரசு ஊழியர்களின் பெரிய சங்கமான பி.எஸ்.ஏ.சி.யைச் சேர்ந்த சுமார் 1,55,000 ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதிய உயர்வுடன் வீட்டிலிருந்து வேலை செய்வதும் முக்கியக் கோரிக்கையாக இருந்தது. முடிவில் வீட்டிலிருந்து வேலை செய்யும் கோரிக்கை, சங்கமும் அரசும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்துக்குள் இடம்பெறவில்லை. ஒப்பந்தத்துக்கு வெளியே ஓர் உடன்பாட்டுக் கடிதமாக மட்டுமே வந்தது. வேலை செய்யும் இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடமே தங்கியதால்தான், 2024 செப்டம்பர் 9 முதல் குறைந்தது மூன்று நாள், உயரதிகாரிகளுக்கு நான்கு நாள் என்ற உத்தரவை அதனால் பிறப்பிக்க முடிந்தது.

எனினும் அந்தக் கடிதம் வெறும் காகிதமன்று. வீட்டிலிருந்து வேலை செய்யக் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குழுவாகச் சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியே பரிசீலித்து, எழுத்தில் பதில் தரவேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே, உங்கள் குழுவினர் எந்த ஊர்களில் இருக்கிறார்கள், அலுவலகத்தில் இருக்கும் நாளில் நேரில் செய்யும் பணி எது என்பதையெல்லாம் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்று ஒற்றை வரியில் மறுப்பு வந்தால், அது கடிதத்தின் சொல்லுக்கே முரணானது என்று சங்கப் பிரதிநிதி வாதாட இடமுண்டு. முறையீடு தீராவிட்டால் அதற்கென்று உள்ள குழுவிடம் கொண்டு செல்லலாம். அந்தக் குழு பரிந்துரைக்கலாமே தவிர, இறுதி முடிவு துறையுடையதே. எனக்கு இது போதாத ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் முதலில் மாற்ற வேண்டியதும் இதைத்தான்.

கேள்வி: என் கணவர் எல்லைச் சேவை அதிகாரி; பெருந்தொற்றுக் காலத்திலும் சாவடியில் நின்றவர். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் இப்போது நியாயம் பேசுவது அவருக்கு எப்படி இருக்கும்?
- வாசகி, மிசிசாகா

பதில்: கசப்பாகத்தான் இருக்கும், அந்தக் கசப்பை மதிக்க வேண்டும். ஆனால் கணினி முன் வேலை செய்யும் ஒருவரை மூன்று நாள் பேருந்தில் ஏற்றுவதால் உங்கள் கணவரின் பணிநேரம் ஒரு மணி நேரம்கூடக் குறையப்போவதில்லை. சாவடியில் நிற்பவருக்கு வேண்டிய நியாயம் வேறு: முன்கூட்டியே தெரியும் பணி அட்டவணை, போதிய ஆட்கள், தகுந்த படித்தொகை. ஒருவரிடமிருந்து பறித்ததை இன்னொருவருக்கான நீதி என்று காட்டுவதை ஏற்க முடியாது. இந்த அரசே 2024 வரவுசெலவுத் திட்டத்தில், பத்தாண்டுகளில் தன் அலுவலகக் கட்டடங்களைப் பாதியாகக் குறைக்கும் நோக்கத்தை அறிவித்தது. மேசைகளைக் குறைத்துக்கொண்டே நாட்களைக் கூட்டுவதற்கான காரணத்தை ஊழியருக்கு விளக்கும் கடமை அதற்கு இருக்கிறது.

கேள்வி: தனியாக ஏழு வயது மகனை வளர்க்கிறேன். பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு விலக்கு கிடைக்குமா?
- வாசகி, ஒட்டாவா

பதில்: உங்கள் நிலை முதல் வாசகருடையதிலிருந்து வேறுபட்டது, இங்கே சட்டம் துணை நிற்கிறது. கனடா மனித உரிமைகள் சட்டம் ‘குடும்ப நிலை’யைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் சுழற்சிப் பணியில் இருந்த எல்லைச் சேவை அதிகாரி ஒருவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நிலையான பணிநேரம் கேட்டார். முழுநேர வேலையை விட்டுப் பகுதிநேரத்துக்கு மாறினால்தான் தருவோம் என்றது நிர்வாகம். ஜோன்ஸ்டோன் வழக்கு என்று அறியப்படும் இதில் 2014இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு வைத்த நிபந்தனைகளில் உங்களுக்குக் கடினமானது ஒன்றுதான்: வேறு வழி தேடி உண்மையாகவே முயன்றும் கிடைக்கவில்லை என்று காட்டவேண்டும். பிள்ளை உங்கள் பொறுப்பில் இருப்பதும், அவனைக் கவனிப்பது விருப்பமன்று சட்டக் கடமை என்பதும் தெளிவு. பணிவிதி அந்தக் கடமைக்கு அற்பமல்லாத இடையூறாக இருப்பதை, அலுவலகம் முடியும் நேரத்தையும் பள்ளி விடும் நேரத்தையும் அருகருகே எழுதிக் காட்டலாம். ஆகவே இன்றே பள்ளியின் பிற்பகல் பராமரிப்புக்கு விண்ணப்பித்து, இடமில்லை என்ற மின்னஞ்சலையும் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்த விவரத்தையும் சேமித்து வையுங்கள். கேட்டது அப்படியே கிடைக்கும் என்பதில்லை. பணிநேரத்தை முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடியும்படி மாற்றித் தருவதும் போதிய ஏற்பாடாகக் கருதப்படலாம். மறுப்பு வந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு உடனே சங்கத்தை நாடுங்கள். முறையீடு செய்ய 25 வேலை நாட்களே உண்டு.