கிதார் தந்திகளைத் தளர்த்தி வாசிப்பது ஏன்? டோனி அயோமி அதை ஏன் நாடினார்?

டவுன் டியூனிங் என்பது கிதாரின் தந்திகளை வழக்கமான சுருதியைவிடத் தளர்த்தி வைப்பது. துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். இறுகக் கட்டியதைச் சுண்டினால் விர்ரென்று அதிரும். தளர்ந்தது மெதுவாக ஆடும், அழுத்தினால் எளிதில் வளையும். தந்தியும் அப்படித்தான்: அதிர்வின் வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், விரலுக்கும் நோவு குறையும்.

பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமிக்கு அந்த நிவாரணம் அவசியமாக இருந்தது. 17 வயதில், பர்மிங்காமில் உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது, இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைக்காரரான அவர் தந்தியை அழுத்துவதே அந்தக் கையால்தான். மனமுடைந்து கிடந்தவருக்கு, தீக்காயத்தில் விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கேட்கக் கொடுத்தார். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறை செய்தார், அதன்மேல் தோலை ஒட்டினார், பாஞ்சோ என்ற வேறொரு தந்தி வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைத் தன் கிதாரில் பூட்டினார். ராக் வரலாற்றில் இதைவிடப் பெரிய பிடிவாதத்தை நான் அறிந்ததில்லை.

தந்தியைத் தளர்த்தியதால்தான் அவர்களுடைய முதல் ஆல்பம் அவ்வளவு கனமாக ஒலித்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 1970இல் வந்த அது வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது, மூன்று அரைச்சுரம் (கிதாரில் மூன்று கட்டை அளவு) இறக்கிய பாடல்கள் 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் முதலில் வந்தன.