கடலடிச் சேற்றின் வேதியியல் சோறு போடுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் மகள், கடலில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளை ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், அது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் அவள் மனதில் இருக்கும் வேலையும் அங்கே நடக்கும் வேலையும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. கடலுக்குள் முங்கிப் படம் எடுக்கும் வேலை இல்லை இது. ஒரு குழாய்ச் சேறு, அதன் மேல் ஒரு சாண் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே எந்தச் சத்து ஏறுகிறது, எது இறங்குகிறது என்ற கணக்கு.

கோவா கரையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் கரையோரம் ஏறி வருகிறது. மழையும் ஆறுகளும் சேர்க்கும் நன்னீர் எடை குறைவானது என்பதால் அதன் மேல் மூடிபோல் படிந்துகொள்கிறது. காற்றின் ஆக்சிஜன் கீழே இறங்க வழியில்லை. செத்து விழும் மிதவை உயிரிகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் தீர்த்துவிடுகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே ஆக்சிஜன் பற்றாக்குறை என்று கொள்வது வழக்கம். செப்டம்பர், அக்டோபரில் கரையோர அடிநீரில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடே தென்படுவதுண்டு. கண்டோலிம் கரைக்கு அப்பால் ஓர் இடத்தில் தேசியக் கடலியல் நிறுவனம் 1997 முதல் இதைத் தொடர்ந்து அளந்து வருகிறது.

ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றின் மேற்பரப்பில் பழுப்பாக ஒரு மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம் இருக்கும். அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் போனதும் இரும்பு வேதி ஒடுக்கம் (ரிடக்ஷன்) அடைந்து கரைய, பிடிபட்டிருந்த பாஸ்பேட் தண்ணீருக்கு ஏறிவிடும். நைட்ரஜன் விஷயம் இன்னும் சிக்கல். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாததால் அம்மோனியம் அப்படியே மேலே வருகிறது. தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டோ சேற்றுக்குள் இறங்கி, ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. இன்னொரு பங்கு மறுபடி அம்மோனியமாகிறது. எந்தப் பங்கு அதிகம் என்பதுதான் இந்தத் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் கழிவுநீரைக் கட்டுப்படுத்திய பிறகும் நிலைமை மெதுவாகவே தேறுவதற்கு, பல்லாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்த, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் வெளியே வந்துகொண்டிருப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் குழாயில், மேற்பரப்பு கலையாமல் சேறும் மேல்நீரும் எடுக்கப்படும். அடிக்கடலின் வெப்பநிலையில், இருட்டில், மேல்நீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து, ஐந்தாறு முறை நீர் எடுத்து வடிகட்டி அளப்பார்கள். எடுத்த அளவுக்கு அதே அடிநீரை நிரப்பி, அதனால் செறிவு மாறுவதைக் கணக்கில் திருத்த வேண்டும். சேறில்லாமல் அடிநீர் மட்டும் உள்ள ஒரு குழாயும் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். அதில் வரும் மாற்றத்தைக் கழித்தால்தான் சேற்றின் பங்கு தெரியும்.

அம்மோனியம் 12 மணி நேரத்தில் லிட்டருக்கு 2 மைக்ரோமோலிலிருந்து 8 ஆகிறது, மேல்நீரின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூடியது கன மீட்டருக்கு 6 மில்லிமோல். 0.2 மீட்டரால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1.2, ஒரு நாளைக்கு 2.4 மில்லிமோல். குழாயின் விட்டம் இந்தக் கணக்கில் தேவையே இல்லை என்பதை உங்கள் மகளே காரணத்தோடு சொல்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

தப்பு நடக்கும் இடங்கள் பல. குழாய்க்குள் காற்று புகுந்தால் கரைந்த இரும்பு மறுபடி ஆக்சைடாகிப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அளவு பொய்யாகக் குறையும். அதனால் சிறிது கார்பன் டை ஆக்சைடு கலந்த நைட்ரஜனை நீரில் குமிழவிட்டு ஆக்சிஜனைக் கடலில் இருந்த அளவிலேயே நிறுத்துவார்கள். வெறும் நைட்ரஜன் மட்டும் விட்டால் நீரின் அமில-கார அளவான பி.எச். ஏறிவிடும். வேகமாகக் கலக்கினால் சேறு கிளம்பும். தரை துடைக்கும் திரவத்தின் அம்மோனியா ஒரு நாள் உழைப்பையே கெடுக்கும். சிலிக்கேட் அளக்க எடுத்த நீரை உறைய வைக்காமல் குளிரில் வைக்க வேண்டும். சல்பைடு உள்ள நீரில், அயோடினை வைத்துக் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் சல்பைடு அயோடினைத் தின்றுவிடும். இதெல்லாம் பி.எஸ்சி. தரம்பார்த்தலின் (டைட்ரேஷன்) நீட்சிதான். ஆகவே வேதியியல் பட்டம் இந்தத் துறைக்குத் தடையில்லை, பலம்.

மேற்படிப்புக்குக் குசாட் எனப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேதிக் கடலியல் துறை, கோவா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலையின் பரங்கிப்பேட்டை மையம் மூன்றையும் விசாரியுங்கள். பாடத்திட்டத்தில் பகுப்பாய்வு வேதியியலும் கப்பல் பயிற்சியும் எவ்வளவு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆராய்ச்சிக்குச் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் வேதி அறிவியல் தாளும் எழுதலாம், புவி-வளிமண்டல-கடல் அறிவியல் தாளும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கூடவே ஆர் அல்லது பைத்தான் கணினி மொழி, கொஞ்சம் புள்ளியியல் இப்போதே தொடங்கட்டும்.

நிரந்தர விஞ்ஞானி பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் திட்டப் பணியில், ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்க நேரும். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது சரியில்லை. ஆனால் இதே திறமை வேறு இடங்களிலும் விலை போகும். துறைமுகம், தூர்வாரல் பணிகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களுக்கும், அங்கீகாரம் பெற்ற நீர் ஆய்வகங்களுக்கும் இந்த ஆட்கள் வேண்டும். இறால் பண்ணை இன்னும் நெருக்கம். குளத்தடிக் கருஞ்சேற்றில் நடப்பது இதே வேதியியல்: விடியற்காலையில் பி.எச். இறங்கும்போது ஹைட்ரஜன் சல்பைடின் நச்சு கூடும், மாலையில் ஏறும்போது அம்மோனியாவின் நச்சு கூடும். எந்த நேரத்தில் எதை அளக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத் தீவன நிறுவனங்களிலும் பண்ணைகளிலும் இடம் உண்டு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. கல்லூரி ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, கழிமுகச் சேற்றை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஒரே உயரத்துக்கு நிரப்பி, மேலே அதே இடத்து நீரை ஊற்றட்டும். ஒன்றில் மீன்தொட்டிப் பம்பு ஓடட்டும். இன்னொன்றை மூடி இருட்டில் வைத்து, புகைவெளியேற்றும் அறைப்பெட்டியில் வைத்தே திறக்கட்டும். இரண்டு வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள், மாலிப்டினம் நீல முறையில் பாஸ்பேட் அளக்கட்டும். மூடிய சாடியில் பாஸ்பேட் அளவு ஏறும். முதல் தடவை எண்கள் தாறுமாறாகத்தான் வரும். அப்போது அலுத்துக்கொள்கிறாளா, குடுவையைக் கழுவிவிட்டுத் திரும்ப அளக்கிறாளா என்று பாருங்கள். விண்ணப்பம் போடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.