தூண் நிற்க, உத்தரம் மட்டும் விழுவது ஏன்?

2012 மே மாதம் வட இத்தாலியின் எமிலியா பகுதி நிலநடுக்கங்களில் ப்ரீகாஸ்ட் (தூண், உத்தரங்களை முன்பே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும்) தொழிற்கூடங்களின் கூரைகள் ஏன் சரிந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் குறை கான்கிரீட்டில் இல்லை, இணைப்பில். அந்த வட்டாரம் நெடுங்காலம் நிலநடுக்கப் பகுதியாக வகைப்படுத்தப்படவில்லை. அதனால் பல கூடங்களில் உத்தரம் தூணின் தலையில் வெறுமனே உட்கார்ந்திருந்தது, உராய்வுதான் பிடிமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உத்தரம் தூணில் உட்காரும் முனையில் சுமை 200 கிலோநியூட்டன், உராய்வுக் கெழு 0.2 என்றால் தடுப்பு விசை 40. கூரை 0.3 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு) முடுக்கத்தில் பக்கவாட்டில் ஆடினால் தேவைப்படுவது 60. உத்தரம் நழுவிவிடும். செங்குத்து அதிர்வு சுமையைக் கணநேரம் குறைத்தால் அந்த 40-ம் மிஞ்சாது.

புதுக் கட்டடத்தில் தூண்தலையிலிருந்து நீளும் டவல் கம்பியை (இரண்டையும் பிணைக்கும் எஃகுக் கம்பி) உத்தரத்தின் துளைக்குள் நுழைத்து, சுருங்காத கிரௌட்டால் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் குழம்பு) நிரப்ப வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கம்பி விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், கம்பி வளைவதற்கு முன்பே ஓரத்துக் கான்கிரீட் பெயர்ந்து விழும். கம்பியைச் சுற்றி நெருக்கமான வளையக் கம்பிகள் கட்டாயம். கிரௌட்டைக் கீழ்த்துளை வழியே செலுத்தி, மேல்துளையில் வழியும்வரை நிறுத்தாதீர்கள். உள்ளே காற்று தங்கினால் வெளியே தெரியாது.

பழைய கூடமென்றால், தூணையும் உத்தரத்தையும் இருபுறமும் எஃகுத் தகடு வைத்துப் போல்ட்டால் இணைக்கலாம். சுவர்ப் பலகைகளின் பிடிப்பையும் கூடவே பாருங்கள்; எமிலியாவில் அவையும் பெயர்ந்து விழுந்தன.