ஆஞ்சியோவில் பாதி அடைப்பு, ஐவஸ் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வேலூரில் எக்கோ பார்த்தார்கள், நார்மல். ஆஞ்சியோவில் எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்) குழாயின் நடுவில் 50 சதவீதம் அடைப்பாம். "ஐவஸ் (ரத்தக் குழாய்க்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) பார்த்துவிட்டுத்தான் ஸ்டென்ட் பற்றிச் சொல்ல முடியும்" என்கிறார்கள். எக்கோவும் அல்ட்ராசவுண்ட்தானே, அதிலேயே தெரிந்திருக்காதா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தெரியாது. நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ ஏறக்குறைய 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி. இதயத் தசை சுருங்குவதும் வால்வு மூடுவதும் அதில் தெரியும், 3 மி.மீ. குழாயின் சுவரில் படிந்த கொழுப்பு தெரியாது. எக்கோ நார்மல் என்பதால் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

ஐவஸில் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள கதீட்டர் என்ற மெல்லிய நெகிழ்குழல், ரத்தக் குழாய்க்குள்ளேயே போகிறது. நுனியிலிருந்து வரும் ஒலி 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ். சுவரின் வெளிவரம்பு வரை படம் கிடைக்கும். ஆஞ்சியோவோ சாயம் ஓடும் உள்வழியை மட்டுமே காட்டும். படிவு சேரச் சேரக் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும். குழாயின் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி பெரிதாகக் குறையாது என்று நோயியல் நிபுணர் கிளாகோவ் 1987-லேயே காட்டினார். குழாயின் மொத்தப் பரப்பு 16 ச.மி.மீ., உள்வழி 6 என்றால் படிவு 10, அதாவது 62.5 சதவீதம். ஆஞ்சியோவில் இந்த இடம் ஓரளவு நன்றாகவே தெரியலாம்.

எல்.ஏ.டி.யில் உள்வழி 4 ச.மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமல் மருந்தோடு தொடரலாம். குறைவாக இருந்தால் உடனே ஸ்டென்ட் என்று பொருளில்லை. ரத்த ஓட்டம் தடைப்படுகிறதா என்பதை அடைப்புக்கு முன்னும் பின்னும் குழாய்க்குள் ரத்த அழுத்தத்தை அளக்கும் எஃப்.எஃப்.ஆர். சோதனைதான் சொல்லும். இதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பலவீனம் என்றால் ஐவஸில் ஒரு நன்மை: படத்துக்காகக் கூடுதல் சாயம் செலுத்த வேண்டியதில்லை.

கேள்வி: கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் கூடம்) டெக்னீசியன் படிக்கிறேன். ஐவஸ் படம் சில நேரம் இழுத்த மாதிரி, சில நேரம் இருட்டாக வருகிறது. ஏன்?
– மாணவர், காட்பாடி

பதில்: இருட்டு என்றால் முதலில் காற்றுக் குமிழியைச் சந்தேகியுங்கள். உள்ளே கம்பி சுழலும் வகைக் கதீட்டரை உடலுக்கு வெளியிலேயே சலைன் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். படம் ஒரு பக்கம் இழுத்துத் தெரிவதும் இந்த வகையில்தான்: குழாய் வளைவிலோ, ஒய் கனெக்டர் (கதீட்டர் நுழையும் இணைப்பு) வால்வை இறுக்கிய இடத்திலோ உள்கம்பி சீராகச் சுற்றுவதில்லை. வால்வைத் தளர்த்திப் பாருங்கள். அந்தப் படத்தில் பரப்பு அளக்கவே கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கொடுத்து, ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 250 நொடி தாண்டியதா என்று பாருங்கள். பிறகு குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் குழாய்க்குள் 100 முதல் 200 மைக்ரோகிராம். இதை விட்டுவிட்டால் குழாயின் இறுக்கத்தையே அடைப்பு என்று அளந்துவிடுவோம். அடைப்பைத் தாண்டி 10 மி.மீ. போய், அங்கிருந்து மோட்டாரில் நொடிக்கு 0.5 அல்லது 1 மி.மீ. வேகத்தில் இழுங்கள். கையால் இழுத்தால் நீள அளவை நம்ப முடியாது.

கால்சியம் பளிச்சென்று வெள்ளையாக, பின்னால் நிழலோடு வரும். நிழல் 90 டிகிரிக்கு மேல் போனால் சுவரின் வெளிவரம்பை ஊகித்து வரையாதீர்கள். படிவு சதவீதம் அங்கே கிடைக்காது. கால்சியத்தின் தடிமனும் ஐவஸில் தெரியாது, அதற்கு ஒளியால் குழாய்க்குள் படம் எடுக்கும் ஓ.சி.டி. வேண்டும். கறுப்பெல்லாம் கொழுப்பு என்றும் எழுதிவிட வேண்டாம். சிக்னல் விழாத இடமும் கறுப்புதான்.

கேள்வி: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். படிவு கரைகிறதா என்று வருடாவருடம் ஐவஸ் பார்க்கலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். 2006-இல் வெளியான அஸ்டராய்டு ஆய்வில் ரோசுவாஸ்டேட்டின் 40 மி.கி. இரண்டு ஆண்டு கொடுத்தும், குழாயில் படிவின் பங்கு சராசரியாகச் சுமார் 1 சதவீதப் புள்ளிதான் குறைந்தது. பல நூறு பேரின் சராசரியில் தெரியும் மாற்றம் இது. ஒருவரின் படத்தில் அளவுப் பிழைக்குள் மறைந்துவிடும். அதற்காக இதயக் குழாய்க்குள் கம்பி விடுவது நியாயமில்லை. மாத்திரை அளவு மாறினால் 4 முதல் 12 வாரத்தில் ரத்தத்தில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) பாருங்கள், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.