ரகசிய ஆவணங்களைப் பிரிண்டரில் நிறுத்திவைத்து எடுப்பது எப்படி?

கேள்வி: மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்து போவதற்குள் வேறு யாராவது தாளை எடுத்துப் படித்துவிடுகிறார்கள். இதற்கு என்ன வழி?

பதில்: பிரிண்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் பிரிண்டரின் பண்புகள் பகுதியைத் திறந்து பாருங்கள். எச்.பி. பிரிண்டர்களில் ‘ஜாப் ஸ்டோரேஜ்’ என்ற பக்கத்தில் ‘பர்சனல் ஜாப்’ என்றும், ரிக்கோவில் ‘லாக்டு பிரிண்ட்’ என்றும், ஜெராக்ஸில் ‘செக்யூர் பிரிண்ட்’ என்றும் இருக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. ‘பின்’ (PIN) எனும் ரகசிய எண் ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் ஆவணம் பிரிண்டரிலேயே காத்திருக்கும். நீங்கள் நேரில் சென்று, திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணை அழுத்திய பிறகுதான் தாள் வெளியே வரும். அச்சாகி முடிந்ததும் அது பிரிண்டரிலிருந்து நீக்கப்பட்டுவிடும்.

ஆனால் பின் எண் மறைப்பது உள்ளே இருப்பதைத்தான். கோப்பின் பெயர் பெரும்பாலான பிரிண்டர்களில் திரையில் அப்படியே தெரியும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், பூட்டுக் குறிக்குப் பக்கத்தில் ‘பணிநீக்கக் கடிதம்’ என்ற சொற்களும் அதையடுத்து ஓர் ஊழியரின் பெயரும் மதியம் முழுக்கத் திரையில் இருந்தன. கடிதத்தை எவரும் படிக்கவில்லை. ஆனாலும் மேலாளர் அழைத்துச் சொல்வதற்கு முன்பே அந்த ஊழியருக்குச் செய்தி எட்டிவிட்டது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே பிரிண்ட் பணியின் பெயரை ‘ஆவணம் 1’ என்பதுபோல் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: என் கணினியில் அந்த வசதியே காணவில்லை.

பதில்: பொதுவான டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவப்பட்டிருந்தால் தெரியாது; அந்த மாடலுக்கு உரிய டிரைவரை நிறுவுங்கள். அதன் பிறகும் அந்த வசதி தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கலாகவே இருந்தால், விண்டோஸில் ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’ சென்று ‘டிவைஸ் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ஜாப் ஸ்டோரேஜை இயக்க வேண்டும். இதற்கு நிர்வாகி உரிமை தேவைப்படலாம்.

கேள்வி: முப்பது பிரதிகள் வேண்டும், முதலில் ஒன்றைச் சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். ‘புரூஃப் அண்ட் ஹோல்டு’ முறையில் ஒரு பிரதி மட்டும் வரும். மற்றவை நீங்கள் திரையில் ஒப்புதல் தந்த பிறகே அச்சாகும்.

கேள்வி: மாலையில் அனுப்பியது காலையில் இல்லை. எங்கே போயிருக்கும்?

பதில்: ஹார்ட் டிஸ்க் இல்லாத பிரிண்டரில் இவை தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், மின்சாரம் நின்றாலே அழிந்துவிடும். டிஸ்க் இருந்தாலும், குறிப்பிட்ட மணி நேரத்தில் நீக்கும்படி நிர்வாகி அமைத்திருக்கலாம்.

கேள்வி: நான்கு இலக்கப் பின் எண் போதுமா?

பதில்: பத்தாயிரம் எண்களில் ஒன்றை அங்கே நின்றபடி ஊகிப்பது கடினம், 1234 என்று வைக்காதவரை. எனக்குப் பெரிய கவலை வலையமைப்பைப் பற்றியது. கணினியிலிருந்து பிரிண்டருக்கு வழக்கமான 9100 போர்ட் (வலையமைப்பு இணைப்பு வாயில்) வழியே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது இடையில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்படுவதில்லை; ஐ.பி.பி.எஸ். என்ற பாதுகாப்பான அச்சு அனுப்பும் முறையில் செய்யப்படுகிறது. டிஸ்க் மறையாக்கத்தையும் இயக்கச் சொல்லுங்கள். பழைய பிரிண்டரை அப்புறப்படுத்தும்போது டிஸ்க்கை அழிக்காமல் அனுப்பவே கூடாது.

கேள்வி: பின் எண் அழுத்திய பிறகு தாள் சிக்கிக்கொண்டால்?

பதில்: அங்கேயே நில்லுங்கள். சிக்கிய தாளை அடுத்து வருபவர் எடுத்துவிட்டால், மீதிப் பக்கங்கள் அவர் கையில்தான் வந்து விழும். உங்களால் எடுக்க முடியாவிட்டால், பணியைத் திரையிலேயே ரத்து செய்துவிட்டு, பாதி அச்சான தாள்களுடன் கிளம்புங்கள்.