கணினி கேள்வி பதில்: ஜன்னலை மூடினால் அப்லோடு நிற்கிறதே?

கேள்வி: தோல் காலணி டிசைன் படங்கள், மொத்தம் 4 ஜிபி. லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து எஃப்டிபி வழியாக எங்கள் வெப் சர்வருக்கு ஏற்றுகிறேன். டெர்மினலை மூடினால் பாதியில் நின்றுவிடுகிறது. என்ன வழி?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: முதலில் எஃப்டிபியை விடுங்கள். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல், அப்படியே வலையில் போகிறது. போர்ட் 22-இல் எஸ்எஸ்ஹெச் (தகவலை மறைத்து அனுப்பும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) பயன்படுத்துங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக, ஈடி25519 வகை எஸ்எஸ்ஹெச் சாவி ஜோடி ஒன்றை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் சர்வரில் சேருங்கள். தனிச் சாவி உங்களிடமே, 600 அனுமதியோடு (நீங்கள் மட்டும் படிக்க, எழுத முடியும்) இருக்கட்டும். அனுமதி தளர்ந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்காது. முதல் இணைப்பில் காட்டும், சர்வரை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணை ஹோஸ்டிங் தருபவரிடம் சரிபார்க்காமல் 'யெஸ்' அடிக்காதீர்கள்.

பிறகு டீமக்ஸ் (டெர்மினலை மூடினாலும் வேலையைத் தொடர வைக்கும் நிரல்) திறந்து, அதற்குள் ஆர்சிங்க்கை 'பார்ஷியல்' (பாதி ஏறிய கோப்பை அழிக்காமல் வைக்கும்) விருப்பத்தோடு ஓட்டுங்கள். கன்ட்ரோல்-பி, அடுத்து டி அழுத்தினால் வேலை பின்னணிக்குப் போய்விடும், டெர்மினலை மூடலாம். லேப்டாப் மட்டும் தூங்கக் கூடாது, மூடியைச் சாத்தினால் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தாலும் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், ஏறிய படங்களை விட்டுவிட்டு மீதியைத் தொடரும்.

கட்டளையின் முடிவில் வெறும் '&' போட்டுப் பின்னணிக்கு அனுப்பினால், பாஸ்வேர்டு கேட்டால் அந்த இடத்திலேயே சத்தமில்லாமல் நின்றுவிடும். பலர் இடறுவது இங்கேதான்.

சர்வரில் கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 அனுமதி போதும் (உரிமையாளர் மட்டும் மாற்றலாம், மற்றவர்கள் பார்க்கலாம்). யார் சொன்னாலும் 777 (யாரும் மாற்றலாம்) வைக்காதீர்கள்.